பாபா வெட்டிய கிளை

ஆவணி 12, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பக்கத்துச் சீனர் வீட்டுக் கிம் பின்வாசல் வழியாக வந்தாள். அவள் புருஷனுக்கு (பாபா என்றுதான் தெருவே கூப்பிடும்) வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். அவர் சட்டியில் வளர்க்கும் ஆலமரத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"ஒங்க கை ராசியான கை அக்கா. எனக்கு ஒண்ணும் புரியலலா."

எங்கள் பேச்செல்லாம் பஜார் மலாய், கடைத்தெருக் கொச்சை. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

மரம் பாபாவின் தாத்தா காலத்தது. என் முழங்கை நீளம்கூட இல்லை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பார்கள். இந்த ஆல் முழுவதையும் ஒடித்தாலும் ஒரு வாய்க்குக் காணாது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் ஒரு கிளையை வெட்டியிருக்கிறார். வெட்டியது வெட்டியபடி கிடக்கிறது. வெட்டுவாய் ஐந்து காசு நாணயத்தின் அகலம். விளிம்பு கறுத்து, நடுவில் தண்ணீர் தேங்கி. பார்க்கவே சங்கடம்.

வாங்க: செம்மண். பால்காரரிடம் சாணி. என் வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

ஆவணி 14, ஞாயிறு

இவருடைய சவரக்கத்தியை அந்த வீட்டுக்கு எடுத்துப்போய்க் கறுத்த விளிம்பைச் சீவினேன். இவரிடம் சொல்லவில்லை. பால் வழிந்தது. உயிர் இருக்கிறது. செம்மண்ணும் சாணியும் குழைத்து அப்பினேன். கிம்மின் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மழை கரைக்காமல் இருக்கப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். வெள்ளை வெளேரென்று, ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரியே. எனக்கே திருப்தி.

ஆவணி 15

என்ன பாவம் செய்தேன். விடிந்ததும் அந்த வீட்டில் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமியார் என் கட்டைப் பிய்த்து எறிந்துகொண்டிருக்கிறாள். மண்ணோடு ஓரத்தில் பட்டையும் உரிந்துவிட்டது.

"எம் மவன் உசிரோட இருக்கான்! யாருக்குடி வெள்ள கட்டுன?"

கிம் பிறகு சொன்னாள். அவர்கள் வழக்கத்தில், மரம் வளர்த்தவர் செத்தால்தான் மரத்துக்கு வெள்ளைத் துணி கட்டுவார்களாம். கட்டாவிட்டால் மரமும் பின்னாலேயே போய்விடுமாம். எனக்கு எப்படித் தெரியும்? காயத்துக்கு வேறு எந்த நிறத்தில் கட்டுவார்கள்?

நாள் முழுக்க அழுகை. "விடு, கெழவி ரெண்டு நாள்ல மறந்துடுவா" என்கிறார் இவர். ஆண்களுக்கு எல்லாமே இரண்டு நாள்தான்.

ஆவணி 22

மழை. பின்கதவு அந்தப் பக்கம் தாழ்.

சாயங்காலம் கிம் வாசல் வழியாக வந்தாள். நடந்ததை பாபாவிடம் சொன்னாளாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், நர்ஸ் வந்து அதட்டும்வரை.

"அம்மாகிட்ட சொல்லு, மரத்த அக்காதான் பாக்கணும், துணி வேணாம், மண்ணு போதும்னு சொன்னாரு அக்கா."

சிரித்தாரே, அது போதும் எனக்கு. ஆனால் தையல் போட்ட இடத்தில் சீழ். இதைச் சொல்லும்போது கிம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புரட்டாசி 9

வெயில். மாமியார் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். மண்ணை மாற்றப் போனால், வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை! இளம்பச்சை, உதடு மாதிரி உப்பி. "பாருங்க, பாருங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கிழவி எட்டிப் பார்த்தாள்.

மரத்துக்கு மூடுகிறது, மனுஷனுக்கு மூடவில்லை. பாபாவை மறுபடி அறுத்திருக்கிறார்கள். முருகா, இதை மாற்றிக் கொடுக்கக் கூடாதா.

ரசத்தில் உப்பு மறந்தேன்.

புரட்டாசி 17

பாபா போய் நாலு நாள். இன்று சவப்பெட்டி எடுத்தார்கள். மரத்துக்குக் கிம் வெள்ளை கட்டினாளாம். இவர் மட்டும் போய் நின்றுவிட்டு வந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் துணிதான் அவரைக் கொண்டுபோனது என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன், அடுப்பு ஊதும்போதுகூட.

மார்கழி 25

நல்ல வெயில். வடாம் காயவைத்தேன். பின்கதவு தட்டும் சத்தம். மாமியார். நூறு நாள் துக்கம் கழியாமல் பிறர் வீடு ஏற மாட்டார்களாம். என் படியை அவள் மிதித்தது இதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் சட்டியை அணைத்திருந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெட்டுவாயில் சுற்றிலும் பட்டை உள்ளே வந்துவிட்டது. நடுவில் மிளகளவுதான் மரம் தெரிகிறது. கிழவி அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது எம் மவன் கடைசியா வெட்டுன எடம். அவன் கை வெட்டு. இன்னும் கொஞ்ச நாள்ல மூடிரும்லா. மூடாம பண்ண முடியுமா?"

சீவினால் திறக்கும்தான். ஆனால் அது என் வெட்டாகிவிடும், அவர் வெட்டு இல்லை. தெரிந்த மலாயில் அதைச் சொன்னேன்.

பிறகு சட்டியைக் கீழே வைத்தாள்.

"சரி. மரம் இங்கயே இருக்கட்டும். மூடுற வரைக்கும் தெனம் வந்து பாத்துக்கறேன்."

முக்காலியை இழுத்துப் போட்டேன்.