கவுண்டர் மானிட்டரில் கௌசல்யா

ஜூன் 9, திங்கள்
தூறல். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் நகரவே இல்லை. ஸ்டுடியோவுக்கு இருபது நிமிடம் தாமதம். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கௌசல்யா கல்யாண ஆல்பம் முடித்தேன். நாற்பது பக்கம். என் மேஜைத் திரையில் பெண் அத்தனை அழகு. மாநிறம், கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. அதே படம் கவுண்டர் மானிட்டரில், பொழுது சாய்ந்த பிறகு எடுத்த மாதிரி. முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இரண்டிலும் ஒன்றுதான். நடுவில் வரும் நிறங்களைத்தான் அது இருட்டாக்குகிறது. காமா கோளாறு, அதாவது திரையின் நடு வெளிச்ச அளவு தப்பு. நம் ஊர்த் தோல் மொத்தமும் அந்த நடுவில்தான். ஒரு வருடமாகச் சொல்கிறேன். முதலாளிக்குக் காமா என்றால் நான் சொல்லும் சாக்கு.

ஜூன் 10
தாராபுரத்திலிருந்து கௌசல்யாவும் மாமியாரும். மாமியார் கவுண்டர் திரையைப் பார்த்தார்.

“ஏனுங்க, புள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கிப் போடுங்க. சொந்தபந்தமெல்லாம் பாக்கோணும்.”

மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், தலையைக் குனிந்து. சொன்னவர் நிறமும் அதே நிறம்தான். முதலாளி உடனே சரி என்றார். செய்யப்போவது அவரா?

ஜூன் 11
துவரம்பருப்பு, போன் ரீசார்ஜ், குடை ரிப்பேர்.

முதலாளி மதுக்கரைக்குப் போன நேரம் பார்த்துக் கவுண்டர் மானிட்டரைச் சரிசெய்தேன். பத்து நிமிட வேலை. படத்தில் கை வைக்கவில்லை.

ஜூன் 12
மாமியார் மட்டும் வந்தார். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறதாம். ஒரு புள்ளிகூட மாற்றாத படம்! சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. பென் டிரைவில் கேட்டார், கொடுத்தேன். என் மடத்தனம்.

ஜூன் 13
காலையிலேயே தாராபுரத்துப் போன். வீட்டுக் கம்ப்யூட்டரில் பெண் மறுபடி இருட்டாம். ஏமாற்றிவிட்டோமாம். முதலாளி மொத்தத்தையும் என் மேல் கொட்டினார். ஊரில் இருக்கிற திரை அத்தனைக்கும் நான் போய் நிற்கவா? வெளுக்க மாட்டேன், வேண்டுமானால் வேலையை விட்டு நிறுத்துங்கள் என்றேன். மத்தியானம் சாப்பிடவில்லை. தலைவலி.

ஜூன் 14
மழை இல்லை. கௌசல்யா தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. உன் மேல் தப்பில்லை, மானிட்டர்தான் என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டாள்.

“தெரியுதுங்க அக்கா. உங்க படத்துல இருக்கறதுதான் நானு. ஆனா வெளுத்துக் குடுத்துருங்க. அந்த ஊட்ல இருக்கப்போறது நானுங்க.”

மூன்று நாள் ஆடிய ஆட்டமெல்லாம் யாருக்காக?

நாற்பது பக்கத்திலும் அவளை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுத்தேன். கன்னத்து மினுமினுப்பு போய்விட்டது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மாமியார் அவள் தோளில் கை போட்டு ஒட்டி நிற்கிறார். அந்தம்மாவை அவர் நிறத்திலேயே விட்டுவிட்டேன். எந்தத் திரையில் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.