இனி இங்கே இறங்காத விமானம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை தெளிந்ததா? நான் நலம்.

அக்கா வீட்டுக்கு நீங்கள் போகும் விமானம் இனி இங்கே இறங்காமல் நேராகப் போகிறதாம். கேட்டதும் ‘அப்பாடா’ என்றிருந்தது. அடுத்த நொடியே கூனிக் குறுகிப்போனேன்.

போன தடவை அது இங்கே ஒரு மணி நேரம் நின்றபோது, மீட்டிங் இருப்பதாகப் போனில் புளுகினேன். சீட் துடைக்க முகக்கவசத்தோடு வந்தவனிடம், “எம் பையன் இந்த ஏர்போர்ட்ல பெரிய ஆபீசர், இத அவன்கிட்ட குடுத்துடுப்பா” என்று ஸ்வெட்டரை நீட்டினீர்கள். தலையாட்டி வாங்கிக்கொண்டவன் நான்தான்.

அதில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. அதே நிறத்தில் ஒன்று அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

“சாப்ட்டியாப்பா?” என்றும் அன்று அவனிடம் கேட்டீர்கள். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயே திறக்கவில்லை.

சாப்பிடவில்லை, அம்மா.

உங்கள் மகன்