காது குத்திய இடம்

1953 ஐப்பசி, செவ்வாய் இரவு.

இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் இனி அரசாங்கக் கச்சேரிக்கு அலைய வேண்டாமாம். அதிகாரியே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து விசாரிப்பாராம். புது ஏற்பாடு. இன்று எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். என் மனைவி மீனாட்சி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு, "தோடு அழகா இருக்கே, எங்க காது குத்துனீங்க?" என்றார்.

மீனாட்சிக்கு ஒரே பூரிப்பு. "இந்தியாவுலங்க, எங்க குலசாமி கோயில்ல. மூணு பிள்ளைங்களையும் அங்க கொண்டு போய்த்தான் மொட்டை போட்டுக் காது குத்துனோம். அந்தச் சாமிய விட முடியுங்களா?"

நான் கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

அதிகாரி பிள்ளையை இறக்கிவிட்டு எழுத ஆரம்பித்தார். இந்தியாவை விட்டுவிட்டு இந்த நாட்டிலேயே நிலைத்துவிட்டவர்கள் என்று அவர் நம்பினால்தான் பிரஜாவுரிமை. நான் பிறந்ததே இந்த லயத்தில்தான் என்றேன். அவர் நிமிரவில்லை.

அவர் போன பிறகும் மீனாட்சி "நல்ல மனுசன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பக்கத்துக் காம்பராவில் விசாரணை. இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சுவரைத் தாண்டி அவள் குரல் கேட்கிறது.

"பயப்படாதீங்க அக்கா. காது குத்துன கதையெல்லாம் சொல்லுங்க. கேட்டுக் கேட்டு எழுதிக்கிறாரு."