புளித்துப்போன கலன்

மார்ச் 3

இன்றும் சுடர் மஞ்சள். விடுதிச் சமையலறையில் நான்கு அடுப்பில் இரண்டுதான் பற்றின, அவையும் இருமிக்கொண்டு. சமையல்காரர் கரண்டியை ஆட்டியபடி, "சார், உங்க கேஸுல தண்ணி கொதிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க பட்டம் வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். சிரிக்க நாலு பேர் வேறு. அறுநூறு பேர் தட்டில் மிச்சம் வைப்பதையும் காய்கறிச் சந்தையின் அழுகலையும் எரிவாயுவாக்க மூன்று வருடம் நாயாய் உழைத்தவன் நான். படித்தது வேதியியல். வாங்குவது இந்தப் பேச்சு.

மார்ச் 5

எரிவாயுக் கலன் புளித்துவிட்டது. மூடியைத் திறந்தால் வாந்தி நாற்றம். வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உள்ளே செத்துக்கொண்டிருக்கின்றன. யார் வேலை என்று எனக்குத் தெரியும் - சந்தை லாரிக்காரர். எலுமிச்சைத் தோல் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? இன்று வாசலிலேயே வண்டியை நிறுத்தி, மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தேன். முட்டைக்கோஸ் இலை. மொத்தமும் முட்டைக்கோஸ் இலை.

"திருப்பி யாரு சார் அள்ளுறது?" என்றார்.

அள்ளினேன்.

மார்ச் 8

விடுதி நிர்வாகி கூப்பிட்டார். இருபத்தெட்டாம் தேதிக்குள் நான்கு அடுப்பும் எரியாவிட்டால் கலனை மண் போட்டு மூடிவிடுவார்களாம். நான் பழையபடி தண்ணீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டுமாம். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு" என்றார், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

மார்ச் 9

புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 12

கண்டுபிடித்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

எச்சில் வாளிகளைக் கழுவும் அம்மாவை ஜனவரியில் எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். வாளியெல்லாம் ஈ மொய்க்கிறது, இது விடுதியா குப்பைமேடா என்று. இன்று காலை தற்செயலாக அவர் கழுவுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கை பிளீச்சிங் பவுடர். தேய்த்து அலசிய தண்ணீர் நேராகக் கலனுக்குப் போகும் வாய்க்காலில்.

"இது எத்தனை நாளா?"

"நீங்க திட்டினதுலேருந்துதான் சார். மூஞ்சி பாக்கற மாதிரி இருக்கணும்னீங்களே. பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

பளபளவென்றுதான் இருந்தது. கிருமிகளை நம்பிப் பிழைக்கிற ஒரு கலனுக்குள் - இரண்டு மாதமாகக் கிருமிநாசினி - அதுவும் என் வாயாலேயே உத்தரவு!

"நல்லா இருக்கும்மா. இனிமே வெறும் தண்ணி போதும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னால எதாவது கெட்டுப்போச்சா சார்?"

இல்லை என்றேன். அது பொய்யில்லை.

மார்ச் 13

செத்த கலனுக்குள், உயிரோடிருக்கும் இன்னொரு கலனின் கரைசலை டேங்கர் டேங்கராக ஊற்ற வேண்டும். வேறு வழியே இல்லை. அப்படி ஒரு கலன் இந்தப் பக்கத்தில் ஒன்றுதான், தம்பியின் மாட்டுப் பண்ணையில். நான் வரைந்து கொடுத்த படத்தை வைத்துக் கட்டிவிட்டு, திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து "எல்லாம் என் யோசனை" என்றவன். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை.

மாட்டேன். தண்ணீரையே பரிசோதித்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 14

மனைவி: "உங்க ரோஷத்தைக் கரைச்சு ஊத்தினா கேஸ் வருமா?"

மூன்று டேங்கர் தேறும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 16

தம்பியிடம் போனில் பேசிவிட்டேன். "சொல்லுண்ணா" என்றான், நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தவன் மாதிரி. அதுவே எரிச்சல். இந்த நாளுக்கென்று ஒன்பது வருடமாகக் கூர்தீட்டி வைத்திருந்த ஒரு வாக்கியம் இருந்தது. வரவில்லை. வந்தது இதுதான்: "எனக்குக் கொஞ்சம் சாணக் கரைசல் வேணும்."

"எவ்வளவு?"

"உன் கலன்ல பாதி."

எங்கோ ஒரு மாடு கத்தியது.

"பாதி போச்சுன்னா கேஸ் பத்தாது, பால் குளிர வைக்கிற மெஷின் ஓடாதுண்ணா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறியா? சரி, வண்டிய அனுப்பு."

மைக் விஷயத்தை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?

மார்ச் 27

நான்கு அடுப்பும். நீலம்.

அறிக்கையில் 'பழுதின் காரணம்' என்ற கட்டத்தில் வாளி கழுவும் அம்மாவை எழுதிவிடலாம் என்றார் நிர்வாகி. 'பொறுப்பாளரின் தவறான உத்தரவு' என்று எழுதினேன்.

"பொறுப்பாளர் நீங்கதானே?"

"ஆமாம்."

மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2

தம்பி கூப்பிட்டான். அவன் கலன் நுரைத்து மூடி வழியாகப் பொங்குகிறதாம். பொங்காமல்? பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மாடுகள் போடுகிற சாணம் மொத்தத்தையும் பழைய கணக்கிலேயே கொட்டிக்கொண்டிருக்கிறான். பாதி வயிற்றுக்கு முழுச் சாப்பாடு! தீனியைப் பாதியாகக் குறை, நுரை மேல் தண்ணீர் தெளி என்று முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். "சரிண்ணா, சரிண்ணா" என்றான். அந்தச் 'சரிண்ணா' எனக்குத் தெரியாதா? நாலு வயதிலிருந்து அப்படித்தான் சொல்கிறான், ஒரு தடவையும் செய்ததில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

"எப்ப திரும்புவீங்க?" என்றாள் மனைவி. நுரை அடங்கியதும் என்றேன். பையில் இரண்டு நாளைக்குத் துணி வைத்தாள். நான் இன்னும் இரண்டு சட்டை எடுத்து வைத்தேன். சாண வேலை, சட்டை சீக்கிரம் அழுக்காகிவிடும்.