ஒரே கைச் சோறு

அப்பா,

வட்டிலில் சோறு புளித்துவிட்டது. அந்த வாடை அடுப்படி வரைக்கும் வருகிறது. நேற்று சாயங்காலம் மோர் ஊற்றிப் பிசைந்து, முட்டையும் உடைத்துப் போட்டு நாய்க்கு வைத்த சோறு. இப்போது எறும்புதான் மொய்க்கிறது. வெள்ளையன் வேப்பமரத்தடியில் படுத்தபடி வாசலையே பார்க்கிறது. நீங்கள் போன நாளிலிருந்து தண்ணீரைத் தவிர அதன் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. விலா எலும்பு தெரிகிறது. நர்ஸ் என்று பேர்தான், உங்களையே காப்பாற்ற முடியவில்லை. இதையும் விட்டுவிடுவேனோ?

சனிக்கிழமை சென்னைக்கு ரயில். ஞாயிறு ஜப்பானிய மொழித் தேர்வு. தேறினால்தான் அங்கே முதியோர் இல்லத்து வேலை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் திரும்பிவிடுவேன், அது பரவாயில்லை. ஆனால் நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இது செத்துக் கிடந்தால்? சரி, இப்போது பிழைத்துவிட்டாலும், நான் ஜப்பானுக்கே போன பிறகு? புத்தகத்தைத் திறக்கிறேன், ஒரு வரி ஏறமாட்டேன் என்கிறது.

இந்த வம்பை இழுத்துவைத்தது நீங்கள்தான். கோபமாகவே சொல்கிறேன். பட்டாளத்திலிருந்து வந்து மலையடிவாரத்து மாந்தோப்புக்குக் காவல் இருந்தீர்கள். முன்பு இருந்த நாயை எவனோ கறித்துண்டில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டான். அதற்குப் பிறகு வெள்ளையனைக் குட்டியாகத் தூக்கிவந்து, உங்கள் கையைத் தவிர வேறு கையில் வாய் வைக்காதபடி பழக்கினீர்கள். அம்மா ஆசையாக ஒரு இட்லியைப் போட்டால்கூட அரட்டுவீர்கள்.

“ராசபாளையத்து நாய்னா ஒரே கைச் சோறுதான் திங்கணும். கண்டவன் கையில தின்னா அது காவல் நாயா, கல்யாண வீட்டு நாயா?”

“உங்களுக்கு ஒரு காய்ச்ச மண்டையிடின்னு வந்தா?” என்று அம்மா அன்றைக்கே கேட்டாள்.

“எனக்கு என்ன வரப்போவுது, போவியா அங்குட்டு.”

காய்ச்சல் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜப்பானிய வகுப்பிலிருந்து நான் அழாத குறையாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மடவார் வளாகம் கோயில் பக்கத்தில் ஒரு மாடியில்தான் வகுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள்.

“என்னட்டி, ஏன் இப்பிடி வார?”

“‘மட்டும்’னு சொல்றதுக்கு ஒரு இலக்கணம்ப்பா. எம்புட்டுப் படிச்சாலும் தப்பாவே வருது.”

வண்டியில் வரும்போதே விளக்கினேன். நாம் ‘இதை மட்டும்தான் தின்னும்’ என்று முடித்துவிடுவோம். அவர்கள் ‘ஷிகா’ என்று போட்டுவிட்டால் கடைசியில் ‘தின்னாது’ என்று எதிர்மறையில்தான் முடிக்க வேண்டும். என் வாயில் பழக்கதோஷத்தில் ‘தின்னும்’ என்றே வந்து தொலைக்கும். ‘தாகே’ என்று இன்னொரு சொல்லும் உண்டு, அதற்கும் ‘மட்டும்’தான் பொருள். ஆனால் அது சும்மா தகவல் சொல்வது. ‘ஷிகா’வில்தான் ‘இதை விட்டால் வேறு கதியில்லை’ என்கிற குறை தொனிக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று வெள்ளையனையே உதாரணம் காட்டினேன்.

“சிச்சி நோ தே கரா ஷிகா தாபெனாய். அப்பா கையத் தவிர வேற கையில தின்னாதுன்னு அர்த்தம்.”

“சிச்சின்னா?”

“அப்பா.”

“பெத்த அப்பனச் சிச்சீங்கானா? நல்ல ஊருக்குத்தாம்ட்டி போற!”

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து அந்த வாக்கியம் உங்கள் சொத்தாகிவிட்டது. டீக்கடையில் சொன்னீர்கள், தோப்புக்காரரிடம் சொன்னீர்கள். சாயங்காலம் வெள்ளையனுக்கு உருண்டை நீட்டும்போதெல்லாம் மந்திரம் மாதிரி சொன்னீர்கள். “நாய்கூடப் படிச்சிட்டுது, நீ எப்பப் படிக்கப் போற?” என்று என்னைக் கிண்டல் வேறு.

மேலே எழுதியதோடு நேற்று நிறுத்திவிட்டேன். இன்று வியாழக்கிழமை, ஒரு அதிசயம் நடந்தது. மத்தியானம் முற்றத்தில் நடந்துகொண்டே பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் வந்ததும் வெள்ளையன் விருட்டென்று எழுந்தது. ஓடிப்போய்ச் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்தேன். திரும்பச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தது, கையை முகர்ந்தது, அப்புறம் தின்றது. தின்றுவிட்டது அப்பா! நான் “அம்மா!” என்று கத்தியதில் பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

“சரியாப்போச்சு. இனி ஓங் கையில மட்டுந்தான் திங்கும். நீ ப்ளேன் ஏறுன பொறவு?”

அவள் சொன்னது போலவே ஆயிற்று. அடுத்த வேளை அம்மா நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் நீட்டினேன், தின்றது. அந்த வாக்கியத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். “என் வாயில அதெல்லாம் நுழையாதுட்டி” என்று எழுந்து போய்விட்டாள். ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதி. வாயில்லா ஜீவனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொன்னால் யார் என்னைக் குறை சொல்வார்கள்? பரீட்சையும் வேண்டாம், பாஷை தெரியாத ஊரும் வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் முற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்களுக்குப் பயந்து இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் உட்காராத அம்மா, மண்தரையில் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுச் சட்டி.

“ஏலே, வாசல்ல என்னத்தப் பாக்க? அவிய வரமாட்டாவ. சொல்லுதேம்லா, வரமாட்டாவ.”

நீங்கள் போனதிலிருந்து இந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னிடம் சொல்லவில்லை, நாயிடம் சொன்னாள். பிறகு ஒரு உருண்டையை நீட்டினாள்.

“இனி இந்த வீட்டுல நீயும் நானுந்தாம்லே. தின்னு.”

வெள்ளையன் தின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஜன்னலோடே நின்றுவிட்டேன். நீயும் நானும் என்றாளே அப்பா, அதில் நான் இல்லை. நான் ரயில் ஏறுவதற்கு முன்பே அம்மா என்னை அனுப்பிவிட்டாள். இனிப் போகாமல் இருக்கச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் மிச்சமில்லை. பயத்தைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு நாளைக்குப் போகிறேன்.