மோகன் அண்ணை தந்த தாள்

அம்மா,

இன்று காலை, காரில் இழுத்துப் போகிற உங்கள் கரவன் வண்டிக்கு அடியில் குந்தி, தண்ணீர்த் தொட்டியின் அடைப்பைக் கழற்றினேன். தண்ணீருக்கு முன்னால் அதன் மணம் வந்தது. சூடேறிய பிளாஸ்டிக், கொஞ்சம் இரும்பு, கோடை முழுவதும் அடைபட்டுக் கிடந்த ஏதோ ஒன்று. கோடை விடுமுறை முகாமிடத்தில் அரிசி களைந்துவிட்டு வந்து என் தலையைத் தடவும்போது உங்கள் கைகளில் இருந்த அதே மணம். தொட்டி வடிந்து முடிகிற வரைக்கும் எழும்ப முடியாமல் அப்படியே இருந்தேன். பின்னால் வந்து நின்ற மோகன் அண்ணை டேனிஷில், “கால் மரத்துவிட்டதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்.

அவருடைய பெயர் மோகன் இல்லை என்று எத்தனை தரம் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். “மோன்ஸ், அம்மா. மோன்ஸ்.” நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். “அதைத்தானே பிள்ளை நானும் சொல்லுறன். மோகன்.” ரண்டர்ஸ் நகருக்கு வெளியே, பன்றி வளர்ப்பை விட்டபின் வெறுமையாகக் கிடந்த தன் கொட்டகையை, குளிர்காலத்தில் கரவன் நிறுத்துகிறவர்களுக்கு விட்டிருந்த அந்தப் பண்ணைக்காரரை நீங்கள் முதல் நாளே அண்ணை ஆக்கிவிட்டீர்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அப்பா வேறு வீடு பார்த்துப் போன அடுத்த வருடம்தான் கரவனை வாங்கினீர்கள். வயோதிபர் இல்லத்தில் உங்களோடு வேலை செய்த ஒருவர் கழித்துவிட இருந்த பழைய வண்டி. ஒரு கதவு, இரண்டு கட்டில், நான்கு சட்டி கொள்ளாத அடுக்களை. “இது ஆரும் எழும்பு எண்டு சொல்லேலாத வீடு பிள்ளை. சொன்னால் இழுத்துக்கொண்டு போவம்” என்றீர்கள். பிறகு அதை நிரப்பத் தொடங்கினீர்கள். சோறு அவிக்கும் குக்கர், இடியப்ப உரல், மிளகாய்த்தூள் போத்தல்கள், சாமிப்படம், பித்தளைச் செம்பு. டேனிஷ்காரர் மடிப்புக் கதிரையும் மதுப்போத்தலும் ஏற்றுகிற வண்டியில் நீங்கள் ஒரு குடித்தனத்தையே ஏற்றினீர்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. அதைப் பார்க்கவே கூசியது.

முதல் கோடையில் கடற்கரை முகாமிடத்தில் குக்கரையும் கேத்திலையும் சூடாக்கியையும் ஒன்றாகப் போட்டு, எங்கள் வரிசையில் நான்கு வண்டிகளுக்கு மின்சாரம் நின்றுபோனது நினைவிருக்கிறதா? பக்கத்து வண்டிக்காரர் சவர இயந்திரத்தோடு, பாதி மழித்த முகத்தோடு வெளியே வந்தார். நான் கட்டிலில் ஏறிப் போர்த்துக்கொண்டேன். நீங்கள் ஒரு தட்டு வடையோடு நான்கு வாசலுக்கும் போய்வந்தீர்கள். திரும்பி வந்து, “கரண்டும் சனமும் ஒண்டு பிள்ளை. எல்லாத்தையும் ஒரே நேரத்திலை கேட்டால் விழுந்திடும்” என்றீர்கள். அன்றிலிருந்து சோறு வேகும்வரை கேத்திலைத் தொட யாரையும் விடவில்லை. பாதி மழித்தவர் அடுத்த நாள் வெறும் தட்டோடு வந்து, இன்னும் வடை இருக்கிறதா என்று கேட்டார். அதையும் நான் பல வருடம் கழித்துத்தான் சிரிப்பாக நினைத்தேன்.

இதெல்லாம் சுற்றி வளைப்பது. எழுத வந்தது அந்த ஐப்பசி நாளைப் பற்றி.

முதல் முறையாகக் கரவனைக் கொட்டகையில் விட வந்தோம். நீங்கள் வேலை முடிந்து, இல்லத்தின் வெள்ளைச் சட்டையோடே வந்திருந்தீர்கள். இழுவைக் கொக்கிக்குச் சந்தனம் வைத்தீர்கள். சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். அந்த நேரம் பார்த்து, என் வகுப்பில் படிக்கிற ஒருத்தி தன் தகப்பனோடு அவர்களுடைய பெரிய புதுக் கரவனைக் கொண்டு உள்ளே வந்தாள்.

“உன்ரை வகுப்புப் பிள்ளையெல்லோ? கூப்பிடு, முறுக்கு இருக்கு.”

“பேசாமல் இருங்கோ அம்மா.”

“ஏன், முறுக்கு அவளைக் கடிக்குமோ?”

அவள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கையசைத்தாள், அவ்வளவுதான். கூசிப்போக எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்போது மோகன் அண்ணை வந்து ஒரு தாளை நீட்டினார். உங்களிடம் இல்லை, என்னிடம். நம் வீட்டுக்கு வரும் எல்லாத் தாள்களையும் போலவே. கொம்யூன் என்கிற நகரசபையின் கடிதம், பள்ளிக் கடிதம், வைத்தியரின் கடிதம், எல்லாவற்றையும் நான்தான் உங்களுக்குத் தமிழில் சொல்வேன்.

“என்னவாம் பிள்ளை? என்ன எழுதிக் கிடக்கு?”

நான் முதல் வரியைக்கூட முழுதாகப் படிக்கவில்லை.

“ஒண்டுமில்லை. பூட்டிப்போட்டுப் போகலாமாம்.”

“இவ்வளவு எழுதி ஒண்டுமில்லையோ?”

“சும்மா விதிமுறையள் அம்மா. வாங்கோ போவம்.”

நீங்கள் நம்பினீர்கள். போவதற்கு முன் உள்ளே போய்த் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினீர்கள். செம்பையும் நிரப்பிக் கழுவுதொட்டிக்குள் வைத்தீர்கள். மாவிலைக்கு எங்கே போவது? மோகன் அண்ணையின் வேலியில் இருந்து நாலு பீச் இலை. நிறைகுடம். “வெறுங்குடத்தை விட்டுப் பூட்டக்கூடாது பிள்ளை. நாங்கள் அங்கை ஊரிலை வீட்டைப் பூட்டேக்கை குடத்திலை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. திரும்பிப் போகக் கிடைச்சதே?” மின்கலத்தை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து எடுத்து வந்தீர்கள், குளிரில் அது செத்துப்போகும் என்று யாரோ சொன்னதால். தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் கதவைத் திறந்தோம். சூடாக்கி பிளந்திருந்தது. குழாய்கள் வெடித்திருந்தன. உறைந்து உருகிய தண்ணீரில் பலகைத் தரை ஊதி, கால் வைத்த இடமெல்லாம் பொதுபொதுத்தது. செம்பின் அடி வெளியே பிதுங்கி, நேராக நிற்க முடியாமல் சரிந்து கிடந்தது. அந்தக் கோடையில் இல்லத்தில் உங்களோடு வேலை செய்த பெண்கள் மூன்று பேரைக் கடற்கரைக்குக் கூப்பிட்டிருந்தீர்கள், ஒரு நாள் முழுக்கச் சமைத்துப் போட. டென்மார்க்கில் நீங்கள் முதன்முதலாக விருந்துக்கு அழைத்தவர்கள் அவர்கள்தான்.

மோகன் அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் டேனிஷில் நிதானமாகச் சொன்னார்: “தண்ணீரை வடிக்கச் சொல்லித் தாளில் எழுதியிருந்தேனே. உன் கையில்தானே கொடுத்தேன். நீ அம்மாவுக்குப் படித்துச் சொல்லவில்லையா?”

“என்ன சொல்லுறார்?” என்று கேட்டீர்கள்.

“நீங்கள் தண்ணியை விட்டிட்டுப் போனதாலையாம்.”

“நீளமாக் கதைச்சவர்?”

“அவ்வளவுதான் சொன்னவர்.”

நீங்கள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தீர்கள். பிறகு அவர் பக்கம் திரும்பி, உங்களிடம் இருந்த கொஞ்ச டேனிஷையும் கூட்டிச் சேர்த்து, “உன்ஸ்கூல், மோகன். யாய் டொம்” என்றீர்கள். மன்னிக்கவும், நான் மடைச்சி. அவர் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

அந்த மூன்று பெண்களிடமும் வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்கள். அதையும் நான்தான் தொலைபேசியில் டேனிஷில் சொன்னேன். அன்றைக்கு ஒரு சொல்லும் விடாமல் சரியாக மொழிபெயர்த்தேன்.

பிறகு நீங்கள் அதை ஒரு கதையாக ஆக்கினீர்கள். கலியாண வீடுகளில், கோயில் மடத்தில், சாப்பாட்டுப் பந்தியில் சொல்வீர்கள். “நான் நிறைகுடம் வைச்சன். டென்மார்க் குளிர் அதை வெடிக்கப் பண்ணிப்போட்டுது. என்ரை சாமியையும் அதுக்குப் பிடிக்கேலை!” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சில வேளை நான்தான் கடைசியாக நிறுத்துவேன்.

ஆனால் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த தைப்பொங்கலுக்கு வாசலில் நிறைகுடம் வைக்கவில்லை நீங்கள். கேட்டதற்கு, “இஞ்சத்தைக் காலநிலைக்கு எங்கடை பழக்கம் சரிவராது பிள்ளை” என்றீர்கள். வண்டிக்கு வண்டி வடை கொண்டுபோன நீங்கள், ஜன்னல் திறப்பதற்கும் என்னைக் கேட்கத் தொடங்கினீர்கள். இது இஞ்சை சரியோ? அப்படிச் செய்யலாமோ? ஆரும் ஏதும் சொல்லுவினமோ? நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். நல்ல மகள் என்று ஊரில் பெயரும் வாங்கினேன். கரவனின் தரையை மாற்றினோம், சூடாக்கியை மாற்றினோம். உங்களில் போனதை நான் மாற்றவில்லை.

தாளைப் பற்றி நீங்கள் ஒரு தரமும் கேட்கவில்லை. மறந்துபோனீர்களா, தெரிந்தும் விட்டீர்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தரம் சொல்லப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில், போன மாசியில்.

“அம்மா, அந்தத் தாள்…”

“எந்தத் தாள்? வரிக் கடிதமோ? மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு.”

“இல்லை…”

“கரண்டுக் கடிதமெண்டால் பிரிட்ஜுக்கு மேலை.”

தாதி உள்ளே வந்தாள். நான் சொல்லாமல் விட்டேன். இன்னொரு நாள் இருக்கும் என்று நினைத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. தாதி வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்றைக்கு, நீங்கள் இல்லாத முதல் ஐப்பசியில், ஒடென்சேயில் இருந்து தனியாகக் கரவனை இழுத்து வந்தேன். மோகன் அண்ணை முழுக்க நரைத்துவிட்டார், ஒரு காது கேட்பதில்லை. அதே தாளைத்தான் கொண்டு வந்தார், பிரதியின் பிரதியாக மங்கிப்போய். நீட்டிவிட்டுக் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு, “இந்த முறை படி” என்றார்.

அப்போது கேட்டேன். “அன்றைக்கு நான் உங்கள் பேச்சை மாற்றிச் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே. பிறகும் ஏன் அம்மாவுக்கு நீங்கள் சொல்லவில்லை?”

“எனக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு டேனிஷ் போதாது” என்றார். “நடுவில் நீதான் நின்றாய்.”

கோபமாகச் சொல்லவில்லை அம்மா. தள்ளுவண்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார்.

படியில் உட்கார்ந்து தாளை முதல் தரமாக முழுவதும் படித்தேன். ஒன்பது வரிகள். தொட்டியை வடிக்கவும் என்று தொடங்குகிறது. எட்டாவது வரியில் நின்றுவிட்டேன். ஈரம் பிடிக்காமல் இருக்க, உள்ளே ஒரு பாத்திரம் நிறையக் கல்லுப்பு வைக்கவும்.

பாத்திரம் நிறைய, அம்மா. வெறுமையாக விட்டுப் பூட்டக்கூடாது என்று அவரும்தான் எழுதியிருக்கிறார். அன்றைக்கு எட்டாவது வரிவரை வாசித்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். “பாத்தியே! மோகன் அண்ணையும் நிறைகுடம் வைக்கிறார்!” கொட்டகை முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பீர்கள். என் வகுப்புக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லியிருப்பீர்கள். புது வீட்டுக்கு முதலில் கொண்டுவருவது உப்புத்தானே என்று தொடங்கி, அவர் தலையாட்டும்வரை விட்டிருக்க மாட்டீர்கள். பிறகு யாரையும் எதையும் கேட்காமல் வாழ்நாள் முழுக்க உங்கள் பாட்டில் ஜன்னலைத் திறந்திருப்பீர்கள். நான் மறைத்தது ஒரு எச்சரிக்கையை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஊர்க்கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கி வந்தேன். அடி பிதுங்கிய செம்பை நீங்கள் எறியவில்லை, சட்டிகளுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். அது சரியாமல் நிற்க ஒரு துவாயை வளையமாகச் சுருட்டி அதன்மேல் வைத்து உப்பைக் கொட்டினேன்.

“ஈரத்துக்கா?” என்று மோகன் அண்ணை வாசலில் நின்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லி முடிக்கப் பார்த்தேன். எனக்குப் பழகிய வழி அது, நீளமானதைச் சின்னதாக்கிக் கொடுப்பது. பிறகு முழுவதும் சொன்னேன். நிறைகுடம் என்றால் என்ன, அன்று தொட்டி ஏன் நிறைந்திருந்தது, அங்கே பூட்டிய வீட்டில் குடம் ஏன் வெறுமையாக இருந்தது, மடைச்சி என்று அவரிடம் மன்னிப்புக் கேட்ட நீங்கள் மடைச்சி இல்லை என்பது, எல்லாம். டேனிஷில் நிறைகுடத்துக்குச் சொல் கிடைக்காமல் கைகளால் காட்டினேன். அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசிவரை நின்றார். பிறகு உள்ளே எட்டிச் செம்பைப் பார்த்தார்.

“இன்னும் போடு” என்றார். “விளிம்புக்கு வரவில்லை.”

அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாளை உரத்துப் படித்தேன், தமிழில், நீங்கள் கேட்கிற தமிழில். தண்ணி முழுக்க வடிய விடவேணுமாம் அம்மா. குழாயெல்லாம் திறந்தபடி கிடக்கட்டாம். பிரிட்ஜ் கதவைச் சாத்தவேண்டாமாம். எட்டாவதை இரண்டு தரம் படித்தேன். தாள் இப்போது என் பணப்பையில் உங்கள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது, எங்கே போனாலும் இருக்கும்.

ஒன்பது வரிகளும் படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா.