நீங்கள் தெரிவுசெய்த நீளத் துவக்கு

என்ரை அன்பான இஞ்சாருங்கோ,

முப்பது வருசம் உங்கட பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்பவும் வாய் வருகுதில்லை.

சிட்னி நார்த்மீட் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலை மூண்டு மாதம் நீங்கள் கதைச்சது ரெண்டு துவக்கைப் பற்றித்தான். ரெண்டும் லீவரை இழுத்து அடுத்த ரவையை ஏற்றுற ரைபிள். ரெண்டுக்கும் பிஸ்டல் ரவைதான், தோளிலை உதைப்புக் குறைவு. ஒண்டு நீளக் குழல், வடிவான மரப்பிடி. மற்றது கட்டைக் குழல், துருப்பிடிக்காத உருக்கு. துவக்குச் சுடுற கிளப்பிலை இலக்குச் சுட எது நல்லதெண்டு, புற்றுநோயோ எண்டு நான் பயொப்சி செய்துபோட்டு வந்த அண்டைக்கும் கேட்டனீங்கள். அதின்ரை முடிவு என்னெண்டு பிறகும் கேக்கேல்லை. ஒண்டுமில்லை எண்டு வந்ததை நானும் கடைசிவரை சொல்லேல்லை.

பிளாக்டவுன் பக்கத்துத் துவக்குக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீங்கள்.

"தூக்கிப் பார். எது பாரம்?"

நான் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டன். பன்னிரண்டு வயதிலை, ஊரிலை சோதனைச்சாவடியிலை ஒரு ஆமிக்காரன் என்ரை கழுத்திலை துவக்கை வைச்சதும், நான் நிண்ட இடத்திலையே மூத்திரம் போய்ச் சட்டை நனைஞ்சதும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கலியாணம் முடிச்ச புதுசிலை அழுதழுது சொன்னனான்.

அதைக் கடைக்காரனுக்கு இங்கிலீசிலை பகிடியாச் சொன்னீங்கள். "கவனம், இவ உன்ரை கார்ப்பெட்டை நனைச்சுப்போடுவா." ரெண்டு பேரும் சிரிச்சீங்கள். ஏனப்பா? அதிலை உங்களுக்கு என்ன கிடைச்சது?

நீளத்தைத்தான் வாங்கினீங்கள். உங்கட கட்டைக் கைக்கு அது பொருந்தேல்லை. லீவரை முழுக்கத் தள்ளாமல் ஒவ்வொருக்காலும் ரவையைச் சிக்கவைப்பீங்களாம். கிளப்பிலை இப்பவும் சொல்லிச் சிரிக்கினம்.

ஓம், நானும் இப்ப கிளப்பிலைதான். நீங்கள் செத்தாப்பிறகு, லைசென்ஸ் இல்லாத வீட்டிலை வைச்சிருக்கேலாதெண்டு கடைக்காரன் வந்து உங்கட துவக்கை எடுத்துக்கொண்டு போனவன். "வித்துவிடுங்கோ அம்மா" எண்டான் எங்கட மகன் நிலவன். நான் படிச்சு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனன். ரெண்டையும் எடுத்து வை எண்டன். ஒண்டொண்டாத் தூக்கிப் பார்த்தன். கட்டைத் துவக்கு என்ரை தோளிலை வந்து அப்பிடியே இருந்துது.

"அப்ப உன்ரை மனுசன்ரை நீளத்தை என்ன செய்யிறது?" எண்டு கடைக்காரன் கேட்டான்.

"பொலிசிட்டைக் குடு. உருக்கட்டும்."

போன கிழமை கிளப்பிலை ஒரு மனிசி, உங்களுக்கு என்ன நடந்ததெண்டு கேட்டா. ஹார்ட் அற்றாக், கூப்பிடக்கூட நேரமிருக்கேல்லை எண்டன்.

பொய். குளியலறைக்குள்ளை இருந்து ரெண்டு தரம் கூப்பிட்டனீங்கள். துடைக்கிற துவாய்க்கெண்டு நினைச்சன். அந்தக் கடைச் சிரிப்பு அண்டைக்கும் என்ரை காதுக்குள்ளை கிடந்தது. நிக்கட்டும் எண்டு, குசினியிலை வெங்காயம் முழுக்க வெட்டி முடிச்சுத்தான் வந்தனான். உடனை வந்திருந்தால் தப்பியிருப்பீங்களோ? டொக்டரிட்டை நான் கேக்கேல்லை.

செத்தவீட்டிலை நிலவன் என்னைக் கட்டிப்பிடிச்சு, "அப்பாவை நல்லாப் பார்த்தனீங்கள்" எண்டான். உங்கட படத்துக்கு முன்னாலை ஒவ்வொரு நாளும் கும்பிடுறான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வருவான். சாப்பாட்டுக் கோப்பை வைக்க முதல், கடையிலை நீங்கள் சொன்னதையும் குசினியிலை நான் செய்ததையும் சொல்லுவன். ஒண்டையும் குறைக்கமாட்டன். அதுக்குப் பிறகு அவன் விரும்பாட்டில் உங்களுக்கோ எனக்கோ பிள்ளையா இருக்கத் தேவையில்லை.

இது சத்தியம்.

உங்கட மனுசி,
நிலவன்ரை அம்மா